தாளில் விடப்பட்ட மூன்று வட்டங்கள்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் ‘ஸ்கேல் சார்’ என்றே அழைத்தார்கள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பதைப் போல அவர் ஆறு அங்குல இரும்பு அளவுகோல் ஒன்றை வைத்திருப்பார். தச்சர் புதிய அலமாரியை வாசலில் இறக்கினால், அளவுகோல் பையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அவருடைய வாயிலிருந்து ‘வாங்க’ என்னும் சொல் வரும். நகராட்சியின் வரைபடப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனிதர்கள் மணிக்கணக்கில் தாமதமாக வருவதைப் பொறுத்துக்கொள்வார். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டால் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. முன்னால் ஒரு கூடம், அதையொட்டி ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் முப்பதடிக்கு இருபத்திரண்டடி வெற்றிடம். இவ்வளவே அவருடைய வீடு. ஒரு நாளில் அவர் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பால் கொண்டுவருபவரிடம், “ஒண்ணு போதும்.” மாலை நடையில் எதிரே வருபவர்களிடம், “ஆமாம், வெயில்தான்.” செய்தித்தாள் போடுபவருக்கு ஒரு தலையசைப்பு, அதைச் சொற்கணக்கில் சேர்க்க இயலாது. வானொலியை மட்டும் அவர் அணைப்பதே இல்லை. அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் அளவுக்கு ஓசையைக் குறைத்து வைத்திருப்பார்.

அவருக்கு ஒரு தமக்கை இருந்தார். ஐந்து வயது மூத்தவர், வேறோர் ஊரில் மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். அவர் குடியிருந்த மாடி வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முழங்கால்களும் மாடிப்படிகளோடு பகைகொண்டுவிட்டன. முதியோர் இல்லம் ஒன்றில் தனியறை ஒன்று காலியாக இருந்தது. வருவதா இல்லையா என்று அந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். செய்தியைக் கேட்ட அன்றே தம்பி அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அங்கெல்லாம் எதுக்கு அக்கா? இங்க வந்துடு. என் ரூமை நீ எடுத்துக்கோ, நான் ஹால்ல படுத்துக்கறேன்.”

“டேய், ஹாஸ்டல்ல எட்டுப் பேரோட படுத்தேன். குவார்ட்டர்ஸ்ல நாலு பேரோட. கல்யாணமாகிப் போன வீட்ல மாமியார், நாத்தனார், அவங்க பிள்ளைங்க. அந்த மனுஷன் போனப்புறம்தான் ஒரு கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்க ஆரம்பிச்சேன். உன்னை நடு ஹால்ல போட்டு, தாண்டித் தாண்டி நடக்க எனக்கு முட்டியும் இல்ல, மனசும் இல்ல.”

“பின்ன என்னதான் செய்யணும்கறே?”

“எனக்குன்னு தரையில ஒரு ரூம், ஒரு பாத்ரூம். இருந்தா வர்றேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடு, அந்த ஹோம்காரங்களை இழுத்தடிக்க வேண்டாம்.”

“பின்னாடி இடம் சும்மாத்தான் கிடக்கு. கட்டறேன் அக்கா.”

“கட்டு. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா திறக்கணும், சொல்லிட்டேன். நான் உள்ள விழுந்து கிடந்தா நீ எப்படிடா உள்ள வருவே?”

அன்று மாலையே அவர் வரைபடத் தாளை விரித்தார். மனைக்குரிய அனுமதி இரண்டே நாள்களில் கிடைத்தது. அலுவலகத்தில் அவரை அறியாதவர்கள் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தை வாங்கியபோதும் அவர் அலுவலக வரைபடத் தாளை விரித்துப் பார்த்த பிறகே முடிவு செய்தார். மனையின் எல்லைக்குள் ஒரு கோடும் இருக்கவில்லை. ‘சுத்தமான மனை’ என்று மனைவியிடம் சொல்லித்தான் வாங்கினார்.

நான்காம் தேதி காலையில் கொத்தனார் இரண்டு ஆள்களுடன் வந்து அடித்தளத்திற்குத் தோண்டத் தொடங்கினார். இருபத்தைந்து நாள்களில் கூரை போட்டுவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்றடி ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’கென்று மோதியது. மண்ணைத் துடைத்துப் பார்த்தபோது செங்கல் சுவரொன்றின் தலை தெரிந்தது. அது நேராகச் செல்லாமல் வளைந்து சென்றது.

“சார், உங்க இடத்துல எனக்கு முன்னாடியே யாரோ வேலையை ஆரம்பிச்சிருக்காங்க,” என்றார் கொத்தனார். “நல்ல வேலைக்காரன். நம்மளை மாதிரி இல்ல.”

ஸ்கேல் சார் குழிக்குள் இறங்கி அளவுகோலை எடுத்தார். செங்கற்கள் இந்தக் காலத்தவற்றைவிட மெல்லியவை. தடிமன் ஒன்றே முக்கால் அங்குலம்.

“பழைய கிணறு சார். மண்ணைத் தள்ளி மூடிட்டு, மேல கம்பி கட்டி கான்கிரீட் போட்டா யானை நின்னாலும் தாங்கும்.”

“நிக்கப்போறது எங்க அக்கா. முதல்ல இது எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்கணும்.”

“உங்க அக்கா யானையை விட வெயிட்டா சார்?”

“வெயிட் கம்மிதான். வாய்தான் அதிகம். நாளைக்குச் சுவர்ல ஒரு விரிசல் விட்டா நான் காது கேக்காத மாதிரி நடிக்கணும்.”

அடித்தள வேலை நின்றது. அதற்குப் பதிலாக ஆறு நாள்கள் குழியிலிருந்து மண்ணை வெளியேற்றும் வேலை நடந்தது. உட்புறத்தின் அகலம் பதினான்கடி. சுவர் ஒன்றன்று, இரண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அவற்றின் இடையே ஓரடி இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் பழுப்புநிறப் பொடி இறுக அடைக்கப்பட்டிருந்தது. கீழே செல்லச் செல்லக் குழி பானையின் அடிப்பகுதியைப் போலக் குறுகியது. ஒன்பதாவது அடியில் இரும்புப் பிடியொன்று கிடைத்தது. நண்டின் கொடுக்கைப் போல இரண்டு பற்கள் எதிரெதிரே வளைந்திருந்தன. அதன்பின் பித்தளை வில்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் ஒரு துளையும் இருந்தன. அவற்றைக் கழுவி, கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, எண் வரிசையில் அடுக்கிவைத்தார்.

மதில்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டுத் தையற்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“என்ன ஸ்கேல் சார், புதையலா? கிடைச்சா எனக்கொரு மெஷின், மோட்டார் வெச்சதா.”

“பொடிதாம்மா வருது.”

“பொடியா! அப்ப சமாதிதான். எங்க வீட்டுப் பக்கம் கால் நீட்டிக்கிட்டு இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் கட்டிலை மாத்திப் போட்டுக்கறேன்.”

அந்த ஆறு நாள்களில் அவரிடம் பேசியவர்களின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் பேசியவர்களைவிட அதிகம். குழியை எட்டிப் பார்க்காமல் யாரும் தெருவைக் கடக்கவில்லை. சூளை என்றார் ஒருவர். புகைக்கறை எங்கே என்று கேட்டார் ஸ்கேல் சார். தானியக் களஞ்சியம் என்றார் மற்றொருவர். தானியத்துக்கு எதற்கு வடிகால் என்றார் இவர். குழியின் தரை நடுப்பகுதியை நோக்கிச் சரிந்து ஒரு வடிகால் குழாயில் முடிந்திருந்தது.

தமக்கையிடம் மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. தமக்கை நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு அழைப்பார்.

“எவ்வளவு தூரம் வந்திருக்கு?”

“வேலை நடக்குது அக்கா.”

“நடக்குதுன்னா? சுவர் வந்துச்சா?”

“வந்துச்சு.”

அதைப் பொய்யென்று சொல்ல இயலாது. எனினும், தொலைபேசியை வைத்த பின்பு நெடுநேரம் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

பன்னிரண்டாம் தேதி நண்பகலில் அவர் உணவு மேசையைத் துடைத்து, தாளை நான்கு மூலைகளிலும் ஒட்டி, குழியின் குறுக்குவெட்டை வரையத் தொடங்கினார். எதையும் வரைந்து பார்க்காமல் அவரால் விளங்கிக்கொள்ள முடியாது. மனைவி ஏதேனும் நோயைச் சொன்னால்கூட, “எங்கே, காட்டு” என்று தாளை எடுப்பவர் அவர். வெளிச்சுவர், பொடி, உட்சுவர், குறுகும் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே வந்தார். வடிகால் குழாயை வரையும்போது பென்சில் நின்றது. குழாய் நேராகப் போகவில்லை. கீழே இறங்கி, மேலே வளைந்து, மறுபடியும் கீழே இறங்கியது. கை கழுவும் தொட்டியின் அடியில் இருப்பதைப் போன்ற வளைவு. அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். உள்ளிருக்கும் நீர் வெளியேறும். வெளியிலிருக்கும் காற்று உள்ளே புகாது.

கசிந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள். வெளிக்காற்று படக்கூடாத ஒரு பொருள். அவர் எழுந்துபோய் ஒரு பிடி பழுப்புப் பொடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். அது மரத்தூள். வெப்பத்தைத் தடுக்க இரண்டு சுவர்களுக்கிடையே மரத்தூளை அடைத்திருக்கிறார்கள். வழுக்கும் பாளங்களைத் தூக்க நண்டுப்பிடியைச் செய்திருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிவரை அவரால் காத்திருக்க முடியவில்லை. அவரே அழைத்தார்.

“அக்கா, ஐஸ்!”

“என்னடா, எங்கயாவது அடிபட்டுச்சா?”

குழியையும் வில்லைகளையும் குழாயின் வளைவையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். திட்டு விழப்போகிறது என்று எதிர்பார்த்தார்.

“வில்லையில நம்பர் போட்டு ஓட்டை இருக்கா?” என்று கேட்டார் தமக்கை. “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பழைய ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் டிராயர்ல அப்படி ஒரு கொத்து கிடந்துச்சுடா. பெரிய சிஸ்டர் சொன்னாங்க: ஃபிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி, காய்ச்சல் வார்டுக்கு ஐஸ் வேணும்னா வார்டு நம்பர் போட்ட வில்லையைக் கொடுத்து ஆளை அனுப்புவாங்களாம். வில்லையை அங்க வாங்கி வெச்சுக்கிட்டு பாளத்தைக் கொடுப்பாங்களாம். சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆள் வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போவானாம்.”

“இங்க பத்தொன்பது வில்லை இருக்கே. யாரும் வந்து வாங்கலையே.”

“கடைசி நாளா இருந்திருக்கும்,” என்றார் தமக்கை.

அன்று அவர்கள் நாற்பது நிமிடங்கள் பேசினார்கள். பனிக்கட்டி எங்கிருந்து வந்திருக்கும், கோணியில் சுற்றிய பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவருடைய முதுகு எப்படி விறைத்திருக்கும், வார்டை அடைவதற்குள் எவ்வளவு உருகியிருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். சிறுவயதில்கூட அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேசியதாக அவருக்கு நினைவில்லை.

“சரி, என் ரூம் என்னாச்சு?” என்று இறுதியில் கேட்டார் தமக்கை.

“கொத்தனார் மேல கான்கிரீட் போட்டுக் கட்டிடலாம்கறார். கட்டிடறேன் அக்கா.”

“கட்டு, கட்டு. ஐஸ் மேல படுத்தா முட்டி வலிக்கு நல்லதுதான். நான் பாத்திரத்தையெல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டேன்.”

மறுநாளே செங்கற்களும் சிமென்ட் மூட்டைகளும் வாசலில் வந்து இறங்கின. வேலை மீண்டும் தொடங்கவிருந்தது. ஆனால், ஸ்கேல் சாருக்கு ஒரு கடமை எஞ்சியிருந்தது. மனையில் புதிதாக ஒரு கட்டமைப்பு தெரிய வந்தால் அதை அலுவலக வரைபடத்திலும் குறிக்க வேண்டும் என்பது விதி. குறிக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. குறிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பதினான்காம் தேதி பேருந்தேறி அலுவலகத்துக்குப் போனார்.

ஆவண அறையின் பொறுப்பாளராக இருந்த அம்மையார் அவரிடம் ஒருகாலத்தில் வேலை கற்றுக்கொண்டவர். “சார், ரிட்டயர் ஆனப்புறமும் எங்களை விட மாட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே அவருடைய தெரு அடங்கிய நாற்பத்தேழாம் தாளை எடுத்துவந்தார்.

அவருடைய மனை இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது. தாளின் வலது கீழ்மூலையில், நகலெடுத்தவர் என்னும் கட்டத்தில், ஒரு சுருக்கொப்பம். அது அவருடையது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தின் பழைய தாள்கள் அனைத்தையும் புதிய பிளாஸ்டிக் படலத்துக்கு மாற்றினார்கள். பழையவை கஞ்சியேற்றிப் பளபளப்பாக்கிய மெல்லிய துணியால் ஆனவை. வேலையை விரைவாக முடிப்பதற்காக மேலிடம் ஒரு விதி வகுத்தது: முழுக்கோட்டில் இருப்பவை பயன்பாட்டில் உள்ளவை, அவற்றை வரையுங்கள், புள்ளிக்கோட்டில் இருப்பவை கைவிடப்பட்டவை, அவற்றை விட்டுவிடுங்கள். வரைவாளர்கள் அப்படியே செய்தார்கள். நகலெடுத்து முடித்த துணித்தாள்களை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்று வெந்நீரில் அலசினார்கள். கஞ்சியும் மையும் போய், கடையில் கிடைக்காத அளவுக்கு மிருதுவான பருத்தித்துணி கிடைத்தது. நகரத்தின் பழைய நிலவறைகளும் மூடிய கிணறுகளும் இவ்வாறு தலையணை உறைகளாகவும் கைக்குட்டைகளாகவும் ஆகிவிட்டன. அவரும் எடுத்துச்சென்றவர்தான்.

“பழைய வேலைப் பதிவேடு இருக்காம்மா?” என்று கேட்டார்.

தூசியைத் தட்டி அம்மையார் கொண்டுவந்தார். அந்தப் பிரிவிலேயே, எதை விட்டுவிட்டோம் என்பதையும் எழுதிவைக்கும் வழக்கம் ஸ்கேல் சார் ஒருவருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் அதற்காக அவரைக் கேலி செய்ததுண்டு. தம்முடைய இளம்வயதுக் கையெழுத்தை அவர் விரலால் தொடர்ந்து படித்தார்: ‘தாள் 47. புள்ளிக்கோட்டு வட்டங்கள் மூன்று. சம இடைவெளி, ஒரே வரிசை. விடப்பட்டன.’

மூன்று என்னும் சொல்லை இரண்டாம் முறையும் படித்தார்.

“என்ன சார், முகமெல்லாம் வேர்க்குது? டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. பஸ் போயிடும்,” என்றார். அந்தத் தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து உண்டு.

பிற்பகலில் கொத்தனார் நீண்ட இரும்புக்கம்பியை முதல் குழியின் கிழக்கே அடித்து இறக்கினார். நான்கடியில் செங்கல் தட்டியது. மேலும் இரண்டு முறை ஓங்கி அடித்தவுடன் கம்பி அவருடைய கையிலிருந்து நழுவி, அடுத்த பத்தடியும் தானாகவே உள்ளே போய்விட்டது. கீழே எங்கோ அது விழுந்த ஓசை சற்றுத் தாமதமாகக் கேட்டது. முதல் குழியில் மண் நிறைந்திருந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை.

மூன்றாவதைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. அதே வரிசையில், அதே இடைவெளியில் அளந்தபோது நாடாவின் முனை சமையலறைக்குள் போய் நின்றது. ஸ்கேல் சார் மண்டியிட்டுச் சுத்தியலின் மரப்பிடியால் தரையைத் தட்டினார். வாசற்படியருகே ‘டக்’. நடுவில் ‘டக்’. அடுப்பு மேடைக்குக் கீழே, வெற்று டிரம்மைத் தட்டியதைப் போன்ற முழக்கம்.

கொத்தனாருடைய வாயிலிருந்து நகைச்சுவை போயிற்று. “சார்... இருபத்தெட்டு வருஷமா இதுமேல நின்னா சமைச்சீங்க?”

“நான் இல்ல,” என்றார் ஸ்கேல் சார். “பத்தொன்பது வருஷம் அவ சமைச்சா.”

கொத்தனார் தணிந்த குரலில் சொன்னார்: “இத்தனை வருஷம் நின்னது இன்னும் நிக்கும் சார். நாம எதையும் பார்க்கல. முதல் குழி மேல மட்டும் ரூமைப் போட்டு, ரெண்டாவதை மண் கொட்டி மூடிடறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அக்கா மாசக் கடைசியில வந்துடலாம்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் நான்கு நாள்கள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். புத்தகங்களைக் கட்டிவிட்டேன் என்பார் தமக்கை. தையல் இயந்திரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்பார். ரூமுக்கு வெளிர்நீலம் அடிக்கச் சொல், வெள்ளையைப் பார்த்தால் வார்டு ஞாபகம் வருகிறது என்பார். “சரி அக்கா,” என்பார் இவர். பதினெட்டாம் தேதி, சமையலறையில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தவர், தாம் அடுப்புக்கு முன்னால் குதிகால்களைத் தூக்கி, முன்பாதத்தில் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து தமக்கையை அழைத்தார்.

“அக்கா, ரூம் கட்ட முடியாது.”

“ஏண்டா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. தரைதான் சரியில்லை. உன்னை ஒரு ஓட்டை மேல படுக்க வைக்க என்னால முடியாது.” பதிவேட்டையும் புள்ளிக்கோட்டையும் துணித்தாளையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார்.

“எனக்கு ஆறு கர்ச்சீப் தைச்சு அனுப்புனியே, அந்தத் துணியா?”

“ஆமா.”

“அட பாவி! உன் வட்டம் மூணும் அதுலதான் இருந்திருக்கும். நான் மூக்குச் சிந்தியே தீர்த்துட்டேனே!” தமக்கை சிரித்தார். அவர் சிரித்து ஓயும்வரை தம்பி காத்திருந்தார். “விடுடா. நீயா செஞ்சே? ஆபீஸ்ல சொன்னாங்க, செஞ்சே.”

“சொன்னாங்கதான். போடணும்னு நினைச்சிருந்தா போட்டிருக்கலாம் அக்கா. காம்பஸை வெச்சுச் சுத்த அரை நிமிஷம்கூட ஆகாது.”

பரவாயில்லை, உன் கூடத்திலேயே வந்து கிடக்கிறேன் என்று அக்கா சொல்லிவிடக்கூடும் என்னும் நம்பிக்கை தம்பிக்கு இன்னும் இருந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

“ஹால்ல ஒரு தடுப்பு வெச்சா...”

“ஆரம்பிக்காதேடா,” என்றார் தமக்கை மென்மையாக. “ஹோம்காரங்களுக்கு நாளைக்கே சொல்லிடறேன். நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாரு. நாலுலேருந்து ஆறு வரைக்கும் பார்க்க விடறாங்களாம்.”

“சரி அக்கா.”

தகவல் கொடுத்ததும் நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். ஸ்கேல் சார் வரைந்த குறுக்குவெட்டைக் கையில் வாங்கியவர், குழியைவிட அதையே அதிக நேரம் பார்த்தார். பின்புறத்தில் எதையும் கட்டக்கூடாது; குழிகளை மணலிட்டு நிரப்பி, சமையலறைக்குக் கீழே தூண் எழுப்பும்வரை அங்கே யாரும் நிற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நண்டுப்பிடியையும் வில்லைகளையும் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். செங்கற்கள் வந்த வண்டியிலேயே திரும்பிச் சென்றன.

“பதிவேட்டுல இன்னும் முப்பது இடம் இருக்கு சார்,” என்றார் ஸ்கேல் சார். “எல்லாம் நான் விட்டது. மத்தவங்க விட்டது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.”

“அதையெல்லாம் தோண்டிப் பார்க்க எங்ககிட்ட ஆள் இல்லைங்க பெரியவரே. லிஸ்ட் எழுதிக் கொடுங்க, ஃபைல்ல சேர்த்துடறேன்.”

அவர் எழுதிக் கொடுத்தார். தமக்கென்று ஒரு படியைக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்துக்கொண்டார்.

அடுப்பு கூடத்துக்கு வந்தது. குழிகள் மணலால் நிரம்பிய பிறகு தெருவில் யாரும் மதிலை எட்டிப் பார்க்கவில்லை. மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலிப்பதும் குறைந்து, பிறகு நின்றது. அந்த நேரத்தில்தான் இல்லத்தில் உணவுக்கூடத்தைத் திறக்கிறார்களாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தமக்கை தம் அறையைச் சுற்றிக் காட்டினார். தம்பி சன்னலின் அகலத்தை அளந்து, பரவாயில்லை என்றார். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவர் யாருக்கோ இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் நால்வர் இருந்தார்கள். “இவன்தான் என் தம்பி, ஐஸ் மேல குடித்தனம் பண்ணவன்,” என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டம் நடந்தது. ஒரு பெண்மணி சீட்டை மறைப்பதாகத் தமக்கை பெருங்குரலில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியைத் தம்பி ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டதில்லை. நாற்காலியின் நுனியில் அமர்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கதவொன்றைச் சாத்திக்கொள்ள இடமிருந்தால், வெளியே வரவும் அக்காவுக்குப் பிடிக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. வரச்சொல்லிக் கேட்டவர் தாமே என்பதும், ஒருமுறைகூட அக்கா கேட்டதில்லை என்பதும் புரிந்தன.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வராதேடா,” என்றார் தமக்கை, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்களையெல்லாம் வேன்ல ஏத்திக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

“சரி அக்கா,” என்று சொல்லி, ஐந்து மணிப் பேருந்திலேயே திரும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அவருடைய வேலைகள் அனைத்தும் முடிந்துவிட்டன. துணி துவைத்துக் காயப்போட்டாயிற்று. செய்தித்தாளை விளம்பரங்கள்வரை படித்தாயிற்று. பிற்பகலில் கை தன் வழக்கப்படியே முகத்தை மழித்து, தேய்த்த சட்டையை எடுத்து மாட்டியது. பொத்தான்களைப் போட்டு முடித்த பிறகே, போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. சட்டையைக் கழற்ற மனமில்லாமல் சிறிது நேரம் நின்றார். பிறகு குறிப்பேட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பட்டியலின் முதல் வரி: ‘தாள் 12. புள்ளிக்கோட்டுச் சதுரம் ஒன்று. விடப்பட்டது.’ இருபது நிமிட நடை. பச்சைநிறக் கதவுள்ள வீடு. அழைப்புமணியை அழுத்தினார். கையில் கரண்டியுடன் ஒரு பெண் கதவைப் பாதி திறந்தார்.

“எதுவும் வேண்டாங்க.”

“நான் விக்க வரலைம்மா. உங்க வீட்டுப் பின்பக்கத்தை ஒரு தடவை அளந்து பார்க்கணும்.”

“எதுக்கு?”

“நாற்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க ஒரு சதுரத்தை விட்டுட்டேன்.”

அந்தப் பெண் அவருடைய தேய்த்த சட்டையையும் பையிலிருந்த அளவுகோலையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து வயதான குரல் ஒன்று, “யாரு அது?” என்று கேட்டது.

“யாரோ பெரியவர் அத்தை. எதையோ விட்டுட்டேன்னு தேடிட்டு வந்திருக்கார்.”

“இங்க எதுவும் இல்லேன்னு சொல்லு!”

ஸ்கேல் சார் குழியைப் பற்றியும் தம் சமையலறையைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் பார்வை திரும்பித் தம் வீட்டுச் சமையலறையின் தரைக்குச் சென்றது.

“எங்க வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்,” என்றார், இப்போது வேறு குரலில். “அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. அவர் இருக்கும்போது பாருங்க.”

ஸ்கேல் சார் குறிப்பேட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார். தேதியை எழுதப்போன கை நின்றது.

“சனிக்கிழமை வரலாமாம்மா?” என்று கேட்டார். “ஞாயித்துக்கிழமை நான் எங்க அக்காவைப் பார்க்கப் போகணும்.”